வீட்டுப் பள்ளியும் சட்டத்தின் மௌனமும்

சென்ற ஆண்டுக் கோடையில், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவே அமைந்த ஒரு சிற்றூரில், எனக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஒரு குடும்பத்தாரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மோர் அருந்திக்கொண்டிருந்தேன். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்கும் பொருட்டு வீடு வீடாக வந்துகொண்டிருந்த ஆசிரியை ஒருவர், முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைத்தபடி படியேறி வந்து, திண்ணையோரத்தில் தென்னங்கீற்றைக் கிழித்து முக்கோணங்களும் அறுகோணங்களும் முடைந்துகொண்டிருந்த பதினோரு பிராயத்துப் பெண்ணைப் பார்த்து, "பாப்பா, நீ எந்தப் பள்ளிக்கூடம் போறே?" என்று வினவினார்.

"நான் வீட்டுலயே படிக்கறனுங்க, டீச்சர்" என்றாள் அவள், தலை நிமிராமலே.

ஆசிரியை தம் கைப்பேசியில் திறந்திருந்த படிவத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தாயாரிடம் திரும்பினார். "பள்ளிக்குப் போகுது, நடுவுல நின்னுருச்சு, சேரவே இல்லை, இந்த மூணுதானுங்க இதுல இருக்குது. உங்க பொண்ண நான் எதுலீங்க போடறது?"

"நின்னுருச்சுன்னு மட்டும் போட்டுராதீங்க, டீச்சர். படிப்பு நிக்கவே இல்லீங்களே" என்றார் அந்த அம்மாள். ஆனால் நிற்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக அன்றைக்கு அவரிடம் ஒரு தாள்கூட இல்லை. ஆசிரியை பெருமூச்சு விட்டு, ஏதோ ஒரு கட்டத்தில் விரலை வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார். எந்தக் கட்டம் என்பதை நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டுவது நம் நாட்டுக்குப் புதுமையான விஷயமன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் தொடங்கித் தனி ஆசிரியரை அண்டிப் பயின்ற உ. வே. சாமிநாதையரும், பெரும்பாலும் வீட்டு ஆசிரியர்களிடமே பாடங் கேட்டு வளர்ந்த ரவீந்திரநாத் தாகூரும் நாம் அறியாதவர்களல்லர். எனினும், இன்றைக்கு இந்த எண்ணத்தோடு வருகின்ற பெற்றோரின் காரணங்கள் வேறு. கட்டணம் கட்டுபடியாகாமை, குழந்தையின் நோய், விளையாட்டுப் பயிற்சி, அடிக்கடி இடமாற்றலாகும் உத்தியோகம், வகுப்பறையில் பட்ட அவமானம், பரீட்சை வேட்டையின்மேல் உண்டான வெறுப்பு என்று அவை பல திறத்தன. காரணம் எதுவாயினும் எல்லாரும் கேட்கின்ற முதற் கேள்வி ஒன்றே: இதற்குச் சட்டத்தில் இடமுண்டா?

நேரான விடை இல்லாத கேள்வி அது. 2002-இல் செய்யப்பட்ட 86-ஆவது திருத்தத்தினால் நம் அரசியல் சாசனத்தில் 21-ஏ என்னும் ஷரத்து சேர்க்கப்பட்டு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதே திருத்தம், அவ்வயதுக் குழந்தைக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்று 51-ஏ ஷரத்திலும் எழுதிவைத்தது. கவனியுங்கள்: சாசனம் 'கல்வி' என்கிறதேயொழியப் 'பள்ளி' என்னவில்லை. ஆனால் அந்த உரிமையை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்காக இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, 3-ஆம் பிரிவில் அக்கல்வி அண்மைப் பள்ளியில் கிடைக்க வேண்டும் என்கிறது. 10-ஆம் பிரிவில், குழந்தையை அண்மைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் ஒவ்வொருவரின் கடமை என்று விதிக்கிறது. கடமையை விதித்த சட்டம், அதில் தவறிய பெற்றோருக்கு அபராதமோ சிறையோ எதையும் விதிக்கவில்லை. 'கட்டாயம்' என்ற சொல்லுக்கு 8-ஆம் பிரிவு கொடுக்கின்ற விளக்கத்தைப் படித்தால், கட்டாயம் யார்மேல் என்பது தெளிவாகும்: குழந்தை சேர்வதையும், வருவதையும், எட்டாம் வகுப்பை முடிப்பதையும் உறுதிசெய்ய வேண்டிய கட்டாயம் அரசாங்கத்தின்மேல்தான் சுமத்தப்பட்டிருக்கிறது.

தண்டனை இல்லாத கடமையாயிற்றே, அப்படியானால் வீட்டுக் கல்விக்கு அனுமதி உண்டு என்றுதானே பொருள் என்று சிலர் உற்சாகமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த உற்சாகத்தில் எனக்குப் பங்கில்லை. 2012-இல் இச்சட்டத்தைப் பாராளுமன்றம் திருத்தியபோது, மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் இது பொருந்தாது என்று விலக்களித்தது. பலவகை ஊனமோ கடுமையான ஊனமோ உடைய குழந்தைகள் வீட்டிலிருந்தபடியே கல்வி பெறுவதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றும் வெளிப்படையாகச் சொல்லிற்று. ஒரு வாசலைத் திறந்துவைத்தவர்கள் அதன் பக்கத்திலிருந்த இன்னொரு வாசலைத் தொடாமலே போனார்கள் என்றால், அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது விவேகமாகாது. டில்லி உயர்நீதிமன்றத்தில் வீட்டுக் கல்வி பயிலும் மாணவி ஒருத்தியின் சார்பில் 2011-இல் தொடரப்பட்ட வழக்கில், தாமாக விரும்பி வீட்டுக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் பெற்றோருக்கு இச்சட்டம் குறுக்கே நிற்பதில்லை என்று மத்திய அரசே ஒரு கட்டத்தில் பிரமாணப் பத்திரம் அளித்ததும், பிறகு அந்த நிலையிலிருந்து பின்வாங்கியதும், இந்த மௌனம் எவ்வளவு வழுக்கலானது என்பதற்குச் சாட்சி. ஆகவே, இந்தியாவில் வீட்டுக் கல்வி குற்றமுமன்று, சட்டம் கையெழுத்திட்டுக் கொடுத்த உரிமையுமன்று. ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வதே கட்டாயம். வீட்டுக் கல்வியை வற்புறுத்திய பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2019-இல் தோற்றார்கள். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் அது சட்டபூர்வமானது. நாம் இரண்டுக்கும் இடையில் நிற்கிறோம்.

இவ்விடத்தில் பெரும்பாலோர் மறந்துவிடுகின்ற ஒரு சங்கதியை நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த உரிமை பெற்றோருடையதன்று, குழந்தையுடையது. 'என் பிள்ளையை நான் எப்படி வேண்டுமானாலும் வளர்ப்பேன்' என்று வாதிடுகின்ற தகப்பனார், அந்தப் பிள்ளைக்குச் சாசனம் கொடுத்த சொத்துக்குத் தாம் காப்பாளர் மட்டுமே என்பதை உணர வேண்டும். காப்பாளன் எப்போதும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். வீட்டுக் கல்விக்கு இன்றியமையாத சட்டக் காப்பு எதுவென்று கேட்டால், அந்தக் கணக்குத்தான் என்பேன்.

பள்ளியைவிட்டு விலகும்போதே அந்தக் கணக்கு ஆரம்பமாகிறது. பிள்ளையைச் சும்மா நிறுத்திவிட்டால் பள்ளிப் பதிவேட்டில் 'இடைநின்றவர்' என்று ஏறிவிடும். ஆதலால், இன்ன தேதி முதல் வீட்டிலேயே கல்வியைத் தொடர்கிறோம் என்று தலைமையாசிரியருக்கு எழுதி, மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்வது முறை. நான் சொன்ன உடுமலைப் பெண் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு தனியார் பள்ளியில் படித்தவள். இரண்டு பருவக் கட்டணம் பாக்கியென்று அந்தப் பள்ளியார் சான்றிதழைத் தராமல் வைத்திருந்தார்கள். தாயாரும் அலைந்து சலித்து விட்டுவிட்டார். அப்படி நிறுத்திவைக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. கட்டணப் பாக்கியை வசூலிக்க மாற்றுச் சான்றிதழைக் கருவியாக்கக் கூடாதென்றும், பாக்கியைப் பற்றிய குறிப்பைக்கூட அதில் எழுதக் கூடாதென்றும் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் திட்டமாகக் கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் மாவட்டக் கல்வி அலுவலருக்கு அதன் நகலும் போனபின், பள்ளியின் குரல் மாறிவிட்டது.

அடுத்து, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம். இது சட்டம் கேட்கிற கடிதமன்று; நாமே வலியப் போய்க் கொடுப்பது. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறோம், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், எந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறோம் என்பவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரையோடு ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். 'இதற்கெல்லாம் முத்திரை போட மாட்டோம்' என்று சொல்லப்பட்டால், பதிவுத் தபால் இருக்கவே இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் அனைவரின் பதிவேட்டையும் பராமரிக்க வேண்டும் என்பது 9-ஆம் பிரிவு. அந்தப் பதிவேட்டில் நம் குழந்தை இன்ன நிலையில் இருக்கிறது என்பதை நாமே தெரிவித்துவிட்டால், பின்னாளில் யாரும் 'ஒளித்துவைத்தார்கள்' என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

பாடத்துக்குப் பஞ்சமில்லை; தமிழ்நாட்டுப் பாடநூல்கள் யாவும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பஞ்சமெல்லாம் பதிவுக்குத்தான். இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்: தேதி, பாடம், செய்த வேலை, எடுத்துக்கொண்ட நேரம். மாதத்துக்கு ஒருமுறை குழந்தையின் கையெழுத்தில் ஒரு கட்டுரை, ஒரு கணக்குத் தாள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், பழைய மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில். இவ்வளவையும் எழுதுகிற வேலை பெரும்பாலும் தாயார் தலையிலேயே விழுகிறது என்பதையும், வீட்டுக் கல்வியைப் பற்றிச் சபைகளில் சொற்பொழிவாற்றுகிறவர்களில் மிகப் பலர் தகப்பனார்களாயிருப்பதையும் நான் பார்த்து வந்திருக்கிறேன். உத்தேசம் செய்கிற குடும்பம் இதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நலம்.

பரீட்சைகளைப் பற்றிச் சொல்வதானால், முன்னிற்பது 1989-இல் நிறுவப்பட்டு நொய்டாவைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். பதினான்கு வயது நிறைந்தவர் அங்கே பத்தாம் வகுப்புக்குப் பதிவுசெய்யலாம். பதினைந்து நிறைந்து பத்தாவது தேறியவர் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிவுசெய்யலாம். ஐந்து பாடங்களில் தேறினால் போதும். பொதுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புக்கள் உண்டு. பத்தாம் வகுப்பைத் தமிழிலும் எழுதலாம். 'ஒரே ஆண்டில் பத்தும் பன்னிரண்டும், தேர்ச்சிக்கு நாங்கள் பொறுப்பு' என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தோர் உண்டு. அந்நிறுவனத்தில் நாமே நேரே பதிவுசெய்யலாம்; நடுவில் ஒரு தரகருக்கு அவசியமேயில்லை. திறந்தநிலைப் பள்ளியில் படித்தோர் 'நீட்' எழுத முடியுமா என்ற நெடுங்கால வழக்கும் 2024-இல் உச்சநீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. மாநில அரசுப் பணிகளுக்கு அச்சான்றிதழ் சமானமாகக் கொள்ளப்படுமா என்பதோ வாதத்துக்குரியதாகவே இருந்து வருகிறது. அவ்வழியில் நாட்டமுள்ளவர்கள் நடப்பிலுள்ள அரசாணையைப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

மாநிலத்திலேயே வேறு வழியுமுண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் தனித்தேர்வர்களை அனுமதிக்கிறது; முன்னதற்குப் பன்னிரண்டரையும் பின்னதற்குப் பதினான்கரையும் நிறைந்திருக்க வேண்டும். பத்தாவது எழுதுகிறவர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல், ஓராண்டு வீணாய்ப் போனவர்களை நான் அறிவேன்.

இனி, இழப்பு என்னென்ன என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் அளிக்கப்படும் 7.5 சதவீத ஒதுக்கீடு வீட்டில் படித்த பிள்ளைக்கு இல்லை. அப்படிப் படித்த பெண்கள் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் பெறுகின்ற புதுமைப் பெண் திட்டமும் அவ்வாறே. அரசு வேலையில் தமிழ்வழியில் பயின்றோருக்குரிய 20 சதவீத முன்னுரிமைக்கு, ஆரம்ப வகுப்பிலிருந்தே பள்ளியில் தமிழ்வழியில் படித்ததாகச் சான்று காட்ட வேண்டும். வீட்டில் அம்மா தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார் என்பது அங்கே செல்லாது. சத்துணவும் சைக்கிளும் பஸ் பாஸும் போகும். வசதியுள்ளவருக்கு இவை அற்பமாகத் தோன்றலாம். கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இவை பெரிது. சின்னதாய்த் தோன்றுகிற இன்னொன்றையும் சொல்கிறேன். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசியையும், பிப்ரவரியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் பள்ளிக்கு வந்தே கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுப் பிள்ளை அந்தக் கணக்கில் தப்பிப்போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ நாமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இவற்றினும் பாரதூரமானவை இரண்டு. பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை வேலையில் அமர்த்துவது குற்றம். 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அமர்த்தியவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையோ 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்ந்தோ உண்டு. அபாயமில்லாத குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று அச்சட்டம் இளக்கம் காட்டுவதும் 'பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும்' என்ற வரம்போடுதான். வீட்டுப் பள்ளிக்கு மணி அடிப்பவர் யார்? கடையில் பொட்டலம் மடிக்கும் பிள்ளையைச் சுட்டிக்காட்டி 'இதுவும் ஒரு கல்விதான்' என்கிற பெற்றோரிடத்தில், நேர அட்டவணை எழுதிய நோட்டு ஒன்று இல்லாவிட்டால், எந்த அதிகாரியும் அந்த வாதத்தை ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. மற்றொன்று, குழந்தையின் முகத்தைத் தினந்தோறும் பார்க்கின்ற அந்நியக் கண் ஒன்று இல்லாமற் போவது. உடம்பிலுள்ள தழும்பையும் மனத்திலுள்ள மருட்சியையும் முதலில் கண்டுபிடிக்கிறவர் பெரும்பாலும் ஆசிரியரே. நூலகம், விளையாட்டு மைதானம், பாட்டு வகுப்பு என்று ஏதேனும் ஓரிடத்தில் பிறர் அக்குழந்தையை வாரந்தோறும் காணும்படி ஏற்பாடு செய்வது அதன் பாதுகாப்புக்கான ஏற்பாடேயாகும். ஆபத்து நேர்ந்த குழந்தை, அல்லது அதைக் கண்டவர் எவரும், 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

'வீட்டுப் பள்ளி மையம்' என்ற பெயரில், வாடகை வீட்டில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்து, காலை முதல் மாலை வரை வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்கும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவோருக்கு 18-ஆம் பிரிவு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரையும் விதிக்கிறது. அபராதம் நடத்துகிறவருக்கு, நடுத்தெருவில் நிற்பது பிள்ளைக்கு. பணம் கட்டுமுன் அங்கீகார ஆணையைக் கேளுங்கள்; பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, குழந்தைக்கே பள்ளிக்குப் போகவேண்டும் என்ற ஆசை வந்தால்? இங்கேதான் இச்சட்டம் தன் மெய்யான கருணையைக் காட்டுகிறது. ஆறு வயதுக்கு மேற்பட்டு எப்பள்ளியிலும் சேராத, அல்லது பாதியில் விட்ட குழந்தையை, அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது 4-ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்கை மறுக்கலாகாது. நுழைவுத் தேர்வு வைப்பதே குற்றம். முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரையும், மறுபடி ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். மறுத்தால் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் முறையிடலாம். அவர்கள் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தியில்லையானால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். வழக்கென்று வந்தால், வருமானம் எவ்வளவாயினும், குழந்தைக்கும் பெண்ணுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் இலவச வக்கீல் கிடைப்பார். அழைக்க வேண்டிய எண் 15100.

உடுமலைப் பெண்ணுக்கு அந்த ஆசை இந்த ஜூன் மாதத்தில் வந்தது. பக்கத்து வீட்டுத் தோழி கபடிக் குழுவில் சேர்ந்ததுதான் காரணம் என்று கேள்வி. தாயார் நாலு நோட்டுப் புத்தகங்களையும், முத்திரையிட்ட கடித நகலையும், ஒருவழியாய் வந்துசேர்ந்த மாற்றுச் சான்றிதழையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குப் புறப்பட்டார். நானும் உடன் போனேன். தலைமையாசிரியர் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றார். அந்தப் பக்கத்தில், மூன்று தேதிகளுக்கு எதிரே, 'காய்ச்சல், ஒன்றும் படிக்கவில்லை' என்று எழுதியிருந்தது.

"இதையுமா எழுதி வெச்சீங்க?" என்று கேட்டார்.

"நடந்தது அதுதானுங்களே, சார்."

அவர் சேர்க்கைப் பதிவேட்டை இழுத்து, வயதைக் கணக்குப் பார்த்து, ஏழாம் வகுப்பு என்று எழுதினார். பேனாவை மூடிவிட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு வரும்போது மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டு கொண்டுவந்துரு, பாப்பா."